எங்கள் ஊரும் உலகப் போரும்: குழு ஆய்வுக்கு வரும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காவிரி டெல்டாவில் நடந்த ஏதாவது ஒன்றை ஆராய்ந்து எழுதுவது எங்கள் துறையில் வழக்கம். ஒவ்வொரு வருடமும் அதே கேள்விகள் வருகின்றன. திரும்பத் திரும்ப வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். மற்ற கல்லூரி மாணவர்களுக்கும் பயன்படலாம்.

டெல்டாவில் ஒரு குண்டுகூட விழவில்லையே, இங்கே என்ன போர் வரலாறு இருக்கிறது?

குண்டு விழாதது உண்மை. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் அடிபட்டன. நடுவில் இருந்த நம் கரை தப்பித்தது. ஆனால் இங்கே போர் வந்த வழி வேறு. கப்பல் வராமல் நின்றுபோனதில்தான் டெல்டா போரை உணர்ந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போய்வந்துகொண்டிருந்தது. தோட்ட வேலைக்குப் போன கூலிகள், கடை வைக்கப் போன கூத்தாநல்லூர், நாகூர் சபுராளிகள் (பிழைப்புக்குக் கடல் கடந்து போனவர்கள்), கணக்கு எழுதப் போனவர்கள் என்று டெல்டாவின் எத்தனையோ வீடுகளுக்கு அக்கரையிலிருந்துதான் மணியார்டர் வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. அதோடு கடிதமும் பணமும் நின்றன. கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் மூன்றரை வருடம் காத்திருந்த பெண்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். அந்த மூன்றரை வருடம் போர் வரலாறு இல்லையென்றால் வேறு எது?

அடுத்தது அரிசி. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி வருவது நின்றது. சென்னை மாகாணத்துக்கே சோறு போட வேண்டிய பாரம் தஞ்சை ஜில்லாவின் மேல் ஏறியது. 1943-இல் சென்னையில் அரிசிப் பங்கீடு வந்துவிட்டது. நெல் விலை ஏறியதில் யார் வீட்டில் பத்தாயம் நிறைந்தது, யார் வீட்டில் அடுப்பு அணைந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், ஐந்து பேருக்கு நான்கு மாத வேலை இருக்கிறது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் தென்பரையில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்து விவசாயிகள் சங்கம் தொடங்கிய வருடமும் 1943தான். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சி மீதிருந்த தடை நீங்கியிருந்தது. ரஷ்யா போருக்குள் வந்த பிறகு கட்சி போரை ஆதரித்தது. அதனால் அரசு தடையை எடுத்தது. ஐரோப்பாவில் நடந்த ஒரு மாற்றம் டெல்டாப் பண்ணையாளின் சங்கத்துக்கு எப்படி வழிவிட்டது என்பதை இதுவரை எந்தக் குழுவும் எழுதவில்லை. யாராவது எடுங்களேன்.

தலைப்பை எப்படி முடிவு செய்வது?

"இரண்டாம் உலகப் போரில் இந்தியாவின் பங்கு" என்று எழுதிக்கொண்டு வராதீர்கள். அது ஐந்து பேரின் ஆயுளுக்கும் போதாது. ஓர் ஊர், ஒரு பொருள், ஒரு கேள்வி என்று சுருக்குங்கள்.

அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றது. செப்டம்பரில் பிரெஞ்சு இந்தியாவின் ஆளுநர் லூயி பொன்வென், ஜெர்மனியோடு சமாதானம் செய்துகொண்ட அரசை விட்டுவிட்டு, ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த தளபதி தெ கோல் பக்கம் சேர்ந்தார். டெல்டாவுக்குள்ளேயே வேறொரு கொடி பறந்த அந்தச் சிறு ஊரில் அதற்கு முன்பும் பின்பும் எல்லைச் சோதனை எப்படி இருந்தது, கள்ளுக்கடைக்கும் துணிக்கடைக்கும் என்ன ஆனது? இது நல்ல தலைப்பு.

ஒரு கப்பலைக்கூட எடுக்கலாம். ரோனா, ரஜுலா என்று 1926-இல் கட்டிய இரண்டு கப்பல்கள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடின. போர் வந்ததும் படைவீரர்களை ஏற்றப் போய்விட்டன. ரோனா 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மன் விமானத்தின் குண்டில் மூழ்கியது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். கப்பல் வேலையாட்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், அவர்களிலும் பலர் திரும்பவில்லை. நம் ஊர்க்காரர்கள் டிரங்குப் பெட்டியோடு ஏறிப்போன கப்பல் மத்தியதரைக் கடலின் அடியில் கிடக்கிறது. ரஜுலா தப்பிப் பிழைத்து 1970-கள் வரை ஓடியது; அதில் பயணம் செய்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முதல் உலகப் போரை எடுக்கலாமா? அதற்கும் முந்தைய போரை?

தாராளமாக. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது எல்லோருக்கும் தெரியும். டெல்டாவுக்கு உரிய கதை தரங்கம்பாடியில் இருக்கிறது. அங்கே இயங்கிய லைப்சிக் மிஷன் ஜெர்மன்காரர்களுடையது. போர் மூண்டதும் அவர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். காவலில் வைக்கப்பட்டு, பிறகு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். பள்ளிகளையும் சபைகளையும் சுவீடன் நாட்டு மிஷன் ஏற்றுக்கொண்டது.

"இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் துறந்தார்கள்" என்று பொறித்த சிறு கல்வெட்டுகளைப் போருக்குப் பிறகு ஆங்கில அரசு நாடெங்கும் பதித்தது. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய பள்ளி, சாவடி, தாலுகா அலுவலகச் சுவர்களைப் பாருங்கள். வெள்ளையடித்து வெள்ளையடித்து எழுத்து மூடியிருக்கலாம். கண்டால் சுரண்டாதீர்கள், படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

இன்னும் முன்னால் போக ஆசை என்றால் சேதுபாவாசத்திரம் பக்கம் மனோராவுக்குப் போங்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வீழ்த்தியதற்காகச் சரபோஜி மன்னர் 1814-இல் கட்டிய எட்டடுக்குக் கோபுரம் அது. ஐரோப்பாவில் நடந்த போருக்கு நம் கடற்கரையில் ஏன் ஒரு நினைவுச் சின்னம்? இந்த ஒரு கேள்வியே ஓர் ஆய்வுக்குப் போதும்.

சயாம் ரயில்பாதை பற்றி எழுத விரும்புகிறோம். டெல்டாவோடு அதற்குத் தொடர்பு உண்டா?

உண்டு. இந்தக் கேள்வியோடு ஒரு குழு வந்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். காட்டையும் மலையையும் வெட்டி 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். பர்மாவில் இருந்த ஜப்பான் படைக்குத் தளவாடம் அனுப்ப அந்தப் பாதை வேண்டியிருந்தது. சுமார் 60,000 போர்க் கைதிகளை வேலை வாங்கினார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அது போதாமல் மலேயா, பர்மா, ஜாவா என்று பல இடங்களிலிருந்தும் தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். மலேயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத் தமிழர்கள். தோட்டம் மூடிக் கிடந்தது, கூலி இல்லை. "சில மாதம்தான், நல்ல சம்பளம்" என்ற பேச்சை நம்பிச் சிலர் போனார்கள். பலர் லாரியில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது முகாம் முகாமாக மாண்டார்கள்.

எத்தனை பேர் என்றால் யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 என்று பல நூல்களில் வரும். வேறு எண்களும் வரும். உங்கள் அறிக்கையில் ஓர் எண்ணை எழுதினால், அதை யார் எப்போது எதை வைத்துக் கணக்கிட்டார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எண் மாறுவது ஏன் என்று கேட்பதும் ஆய்வுதான். கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனியாகக் கல் இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு யாரும் அப்படிப் பட்டியல் வைக்கவில்லை. பெயர் இருந்தது அவன் வீட்டில்தான்.

அந்த வீடு நம் பக்கத்திலும் இருந்திருக்கலாம். மலேயாவுக்குக் கூலிகளை அனுப்பிய முகாம்களில் நாகப்பட்டினமும் ஒன்று. கங்காணிகள் தங்கள் சொந்த ஊருக்கு வந்துதான் ஆள் சேர்த்தார்கள். ஆகவே ஒரு தோட்டத்தில் ஒரே ஊர்க்காரர்கள் பலர் இருந்தார்கள். இங்கே ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: செலவு கொடுத்துக் கூலிகளை மலேயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்திவிட்டது. "1940-இல் கங்காணி கூட்டிப்போனார்" என்று யாராவது சொன்னால், வருடத்தை மறுபடி நிதானமாகக் கேளுங்கள்.

திரும்பாதவருக்குத் திதி எந்த நாளில் கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இறந்த நாள் தெரியாத வீடுகளில் ஆடி அமாவாசையிலோ மகாளய அமாவாசையிலோ கொடுப்பார்கள். ஒரு குழு மூன்று கிராமங்களில் இப்படிக் கேட்டு, எந்த ஆவணத்திலும் இல்லாத நான்கு பெயர்களோடு வந்தது. அந்த அறிக்கை பதினொரு பக்கம்தான். நான் படித்த மாணவர் அறிக்கைகளில் அதுதான் சிறந்தது.

எல்லா வீட்டிலும் "எங்கள் தாத்தா நேதாஜி படையில் இருந்தார்" என்கிறார்கள். நம்பலாமா?

மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு சரிபாருங்கள். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு, இந்திய தேசிய ராணுவத்தில் இரண்டு வகையானவர்கள் இருந்தார்கள்: ஆங்கிலப் படையிலிருந்து சரணடைந்த சிப்பாய்கள், மலேயாவிலும் பர்மாவிலும் குடியிருந்து புதிதாகச் சேர்ந்தவர்கள். இரண்டாம் வகையில் தமிழர்கள் மிக அதிகம். ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். எந்த ஊரில் சேர்ந்தார், எந்த முகாமில் பயிற்சி, உடன் இருந்தவர் யார், தியாகி ஓய்வூதிய உத்தரவு வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். உத்தரவு இல்லை என்பதால் கதை பொய்யாகிவிடாது. விண்ணப்பிக்கத் தெரியாமல் விட்டவர்கள் உண்டு. "குடும்பத்தார் கூற்று" என்று எழுதிவிடுங்கள், போதும்.

அதே தெருவில் ஆங்கிலப் படையில் இருந்தவரின் வீடும் இருக்கும். இந்தியப் படையில் 25 லட்சம் பேர் சேர்ந்த போர் இது. 1944-இல் இம்பாலில் இரு பக்கமும் இந்தியர்கள் நின்றார்கள். ஒருவரை வீரர் என்றும் இன்னொருவரை அடிமை என்றும் எழுதி என்னிடம் கொண்டுவராதீர்கள். ஏன் சேர்ந்தார் என்று இரண்டு வீட்டிலும் கேளுங்கள். பசி என்ற பதில் இரண்டு இடத்திலும் வரும்.

போரைப் பார்த்தவர்கள் யாருமே உயிரோடு இல்லையே, யாரைப் பேட்டி எடுப்பது?

1942-இல் எட்டு வயது என்றால் 1934-இல் பிறந்தவர். அப்படிச் சிலர் இன்னும் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போங்கள், தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மற்றவர்கள் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் சொல்வதும் வேண்டும், ஆனால் "கண்டது", "கேட்டது" என்று நோட்டில் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

"இரண்டாம் உலகப் போர் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் சினிமாவில் பார்த்ததைச் சொல்வார்கள். "பாட்டி, அப்போது வீட்டில் என்ன சமைப்பீர்கள்? மண்ணெண்ணெய் எங்கே வாங்கினீர்கள்? கல்யாணத்துக்குப் புடவை கிடைத்ததா?" என்று கேளுங்கள். மலேயாவிலிருந்து திரும்பியவர் வீடு என்றால் மரவள்ளிக்கிழங்கு பற்றிக் கேளுங்கள், அதுவே ஒரு மணி நேரம் போகும். நடவு சமயத்திலும் அறுவடை சமயத்திலும் போய் நிற்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டி போகாத ஊர்களை முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

வருடம் கேட்டால் "சித்திரபானு" என்கிறார்கள். என்ன செய்வது?

சந்தோஷப்படுங்கள், ஆங்கில வருடத்தைவிட அவர்கள் நினைவில் அது உறுதியாக இருக்கும். விஷு 1941 சித்திரையில் தொடங்கும், சித்திரபானு 1942, சுபானு 1943, தாரண 1944, பார்த்திப 1945. அந்த வருடங்கள் மறு வருடப் பங்குனியில்தான் முடியும். சிங்கப்பூரும் ரங்கூனும் விழுந்தது இரண்டுமே விஷு மாசியில். "விஷு மாசியோடு மணியார்டர் நின்றது" என்று ஒரு பாட்டி சொன்னால் அவர் நினைவு எவ்வளவு துல்லியம் என்று பாருங்கள்.

ஒரு பள்ளம் இருக்கிறது. பிரமாதி என்றால் 1939. பிரமாதீச என்றால் 1913. பழைய கணக்கு நோட்டில் கடைசி எழுத்து தேய்ந்திருந்தால் முதல் உலகப் போருக்கு முந்தைய வருடமும் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய வருடமும் குழம்பிவிடும். ஜாதகம், பத்திரம் என்று வேறொன்றோடு ஒப்பிடாமல் முடிவு செய்யாதீர்கள்.

வீடுகளில் என்ன பொருள் கிடைக்கும்?

ஓட்டைக் காலணா கிடைக்கும். உலோகத் தட்டுப்பாட்டால் 1943 முதல் நடுவில் துளையிட்டு அடித்த காசு. மலேயாவை ஜப்பான் ஆண்ட காலத்துப் பத்து டாலர் நோட்டில் வாழைமரம் போட்டிருக்கும். 1945-இல் ஒரே நாளில் வெற்றுத் தாளாகிப்போன பணம். தணிக்கை முத்திரை குத்திய கடித உறைகள். பதக்கம் இருந்தால் விளிம்பைப் பாருங்கள்: முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும்.

எதையும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துப் படம் எடுத்துவிட்டு, அங்கேயே கையில் கொடுத்துவிடுங்கள். சில வருடம் முன்பு ஒரு குழு கடிதக் கட்டு ஒன்றை நகல் எடுக்க வாங்கிவந்தது. நகல் கடையில் ஒரு கடிதம் தொலைந்துபோனது. அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னது நான்தான். அவர் திட்டவில்லை, "அதில்தான் அப்பா என் பெயரை எழுதியிருந்தார்" என்றார். அன்றிலிருந்து இது எங்கள் துறையில் விதி.

ஆவணங்களை எங்கே தேடுவது?

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகள் இருக்கின்றன. துறைத் தலைவர் கடிதத்தோடு போக வேண்டும், ஒரே நாளில் முடியாது. பழைய செய்தித்தாள், பத்திரிகைகளுக்கு ரோஜா முத்தையா நூலகம். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய தமிழ் முரசு இதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி திருவாரூர்க்காரர் என்பது கூடுதல் மகிழ்ச்சி. சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தில் ஜப்பான் காலம் பற்றிய வாய்மொழிப் பேட்டிகளும் உண்டு. இறந்த சிப்பாய்களின் பெயரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடலாம்.

தேடும்போது ஊர்ப் பெயரைப் பழைய ஆங்கில வழக்கில் போடுங்கள்: டாஞ்சோர், நெகபடம், ட்ராங்குபார், மாயவரம். நாகப்பட்டினம் 1991-இலும் திருவாரூர் 1997-இலும் மயிலாடுதுறை 2020-இலும்தான் தனி மாவட்டங்கள் ஆயின. போர்க் காலத்தில் எல்லாம் ஒரே தஞ்சை ஜில்லா. இது தெரியாமல் ஒரு குழு "திருவாரூர் மாவட்டக் கோப்பு" தேடி இரண்டு நாளைத் தொலைத்தது.

தஞ்சை விமானப்படைத் தளத்தில் போர்க் காலத்திலேயே ஓடுபாதை இருந்தது. அதை எழுதலாம், ஆனால் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கக் கூடாது.

குழுவில் ஒருவர் வேலையே செய்வதில்லை. மதிப்பெண் அவருக்கும் உண்டா?

அத்தியாயத்துக்கு ஒருவர் என்று பிரித்ததால்தான் பெரும்பாலும் இந்தச் சிக்கல். பேட்டிக்கு இரண்டு பேர் போக வேண்டும், ஒருவர் பேச, ஒருவர் எழுத. அதைத் தட்டச்சு செய்பவர் மூன்றாமவர், சரிபார்ப்பவர் நான்காமவர். ஐந்தாமவர் ஆவணம் தேடுகிறார். ஒருவர் நின்றால் எல்லாம் நிற்கும், அப்போது இரண்டாம் வாரத்திலேயே தெரிந்துவிடும். என்னிடம் புகார் சொல்வதற்கு முன் அவர் வீட்டு நிலையைக் கேட்டீர்களா? ஒரு வருடம் அப்படி ஒதுங்கியிருந்த பையன், அப்பா இல்லாமல் குறுவை அறுவடையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இரவில் செய்யக்கூடிய, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் வேலையைக் கொடுத்தோம், அழகாகச் செய்தான்.

செயற்கை நுண்ணறிவையும் விக்கிப்பீடியாவையும் பயன்படுத்தலாமா?

போரின் பொது வரலாற்றைத் தெரிந்துகொள்ள விக்கியில் தொடங்கலாம், அங்கேயே முடிக்கக் கூடாது. உங்கள் தெருவில் கேட்டதை எந்தக் கருவியும் எழுதித் தராது. கேட்டால் இல்லாததை இருப்பதுபோல் சொல்லிவிடும். பேட்டியின் சொற்களை மாற்றிச் செம்மைப்படுத்தாதீர்கள். "செத்தோமா பொழச்சோமான்னு இருந்துச்சு" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள்.

எத்தனை பக்கம்?

சொல்ல வேண்டியது முடிகிற வரை. அட்டைக்கும் பைண்டிங்குக்கும் மதிப்பெண் கிடையாது.

பேட்டியின் நடுவில் பாட்டி அழுதுவிட்டார். என்ன செய்வது?

ஒலிப்பதிவை நிறுத்துங்கள். அடுத்த கேள்வியைக் கேட்காதீர்கள், ஆறுதல் வசனமும் பேசாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவரே மறுபடி பேசினால், எழுதலாமா என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை அழித்துவிட்டு, அழித்ததை அவருக்குக் காட்டுங்கள். அறிக்கையில் அதற்காக ஒரு மதிப்பெண்ணும் குறையாது.

அறிக்கை முடிந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு ஐந்து பேரும் போங்கள். எழுத்து பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோங்கள். அவருக்குக் கண் தெரியவில்லை என்றால், அவர் அப்பாவின் பெயர் வருகிற பக்கத்தையாவது உரக்கப் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.